மானியம் முடியப் போகிறது என்கிறார்கள். இப்போதே மின்சார கார் வாங்கிவிடலாமா?

கேள்வி: அரசு மானியம் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது, இன்றே புக் பண்ணுங்கள் என்று ஷோரூமிலிருந்து தினமும் போன் வருகிறது. எனக்கு அவசரம் இல்லை. ஆனால் கிடைக்கிற பணத்தை விடவும் மனசில்லை. என்ன செய்வது?

பதில்: அடுத்த முறை போன் வரும்போது நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள். கடைசி நாள் என்கிறீர்களே, எதற்குக் கடைசி நாள்? புக் பண்ணுவதற்கா, பில் போடுவதற்கா, வண்டி கைக்கு வருவதற்கா, பதிவு ஆவதற்கா? இந்த நான்குக்கும் நடுவில் பல மாதங்கள் ஓடிவிடும். உங்கள் பணம் கிடைப்பதும் போவதும் அந்த இடைவெளியில்தான்.

ஜெர்மனியில் வண்டி பதிவான பிறகுதான் மானியத்துக்கு விண்ணப்பிக்க முடியும் என்று விதி இருந்தது. 2023 நவம்பரில் வந்த ஒரு நீதிமன்றத் தீர்ப்பால் அரசின் பட்ஜெட்டில் பெரிய ஓட்டை விழுந்தது. டிசம்பர் 16, ஒரு சனிக்கிழமை, அறிவிப்பு வந்தது. மறுநாளோடு விண்ணப்பம் வாங்குவது நின்றுபோனது. ஆர்டர் கொடுத்துவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தவர்களுக்கு அரசிடமிருந்து ஒன்றும் இல்லை. சில கார் நிறுவனங்கள் அந்தத் தொகையைத் தாங்களே ஏற்றுக்கொண்டன, நல்லதுதான். ஆனால் அது அவர்களாகப் பார்த்துச் செய்தது. வாங்கியவர் உரிமையோடு கேட்க முடியாது.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே புது மின்சார காருக்கு 7,500 டாலர் வரை இருந்த வரிச் சலுகை 2025 செப்டம்பர் 30-ஓடு முடிந்தது. ஆனால் அந்தத் தேதிக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு தொகையையும் கட்டியிருந்தால், வண்டி பிறகு வந்தாலும் சலுகை உண்டு. கனடாவிலோ 2025 மார்ச் வரை ஓட வேண்டிய திட்டம் ஜனவரியிலேயே நின்றது, ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது. ஆக, தேதியைக் கேட்டால் மட்டும் போதாது. நிதி முன்கூட்டியே தீர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் வாய்ப்பேச்சாக இருக்கக் கூடாது. ஒரு வாசகி தன் புக்கிங் படிவத்தை அனுப்பியிருந்தார். முன்பக்கத்தில் மானியம் கழித்த விலை பெரிய எழுத்தில் இருந்தது. பின்பக்கத்தில் பொடி எழுத்தில், ஒன்பதாவது வரியாக, ‘அரசுச் சலுகையில் மாற்றம் ஏற்பட்டால் வித்தியாசத் தொகையை வாங்குபவரே செலுத்த வேண்டும்’ என்று இருந்தது. அவர் அதைப் படித்ததே கையெழுத்துப் போட்ட பிறகுதான். நீங்கள் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். மானியம் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பக் கிடைக்கும் என்று ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

இன்னொன்று. மானியம் நின்ற மறுநாளே எல்லாம் எட்டாக் கனி ஆகிவிடுவதில்லை. ஜெர்மனியில் 2024-ல் மின்சார கார் விற்பனை முந்தைய ஆண்டைவிடக் கால் பங்குக்கும் மேல் சரிந்தது. விற்காத வண்டியை யாரும் நிறுத்தி வைத்து அழகு பார்க்க மாட்டார்கள், தள்ளுபடி தர வேண்டிவரும். உங்களுக்கு வண்டி இப்போது தேவையில்லை என்றால், இந்த மாதக் கடைசியைப் பார்த்துப் பயப்படத் தேவையே இல்லை.

கேள்வி: பேட்டரி விலை குறைந்துகொண்டே வருகிறதாம். ஒரு வருடம் பொறுத்தால் கார் விலையும் குறையுமா?

பதில்: குறைய வாய்ப்பு உண்டு. புளூம்பெர்க்என்இஎஃப் என்ற எரிசக்தி ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், 2024-ல் பேட்டரித் தொகுதியின் உலகச் சராசரி விலை ஒரு கிலோவாட் மணிக்கு, அதாவது ஒரு யூனிட் கொள்ளளவுக்கு, 115 டாலர். முந்தைய ஆண்டைவிட 20 சதவீதம் குறைவு. ஆனால் பேட்டரியில் குறைந்ததெல்லாம் கார் விலையில் அப்படியே குறையாது. வரியும் மானியக் குறைப்பும் அதைத் தின்றுவிடலாம்.

என் கருத்து இதுதான்: தினமும் நிறைய ஓட்டுகிறவர், வீட்டிலேயே சார்ஜ் போட வசதி உள்ளவர் என்றால் காத்திருக்காதீர்கள். பெட்ரோலில் மிச்சமாகும் பணம் ஒவ்வொரு மாதமும் கைக்கு வரும். வாரத்தில் இரண்டு நாள் கடைக்குப் போய்வர மட்டும் கார் எடுப்பவர் தாராளமாகக் காத்திருக்கலாம். வாங்கி இரண்டு மூன்று வருடத்தில் விற்றுவிடும் பழக்கம் உள்ளவரும் யோசிக்க வேண்டும். புது வண்டியின் விலை இறங்கும்போது உங்கள் பழைய வண்டியின் மதிப்பையும் கையோடு இழுத்துக்கொண்டு இறங்கும். 2023 ஜனவரியில் டெஸ்லா சீனாவில் விலையைக் குறைத்தபோது, அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வாங்கியவர்கள் ஷோரூம்களில் திரண்டு நியாயம் கேட்டார்கள். பணம் திரும்பி வரவில்லை.

கேள்வி: ஐந்து வருடம் ஓடிய மின்சார கார் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. பழைய பெட்ரோல் காரில் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே பாதி சொல்லிவிடலாம். இதில் சத்தமே இல்லை, ஓட்டித்தான் பார்க்க வேண்டும்.

முதல் வழி, அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை வாங்குவது. அதற்கான செலவை விற்பவர் தர மாட்டார் என்றால் நீங்களே கொடுங்கள். காரின் விலையோடு பார்த்தால் அது சில்லறை.

இரண்டாவது வழி, ஒரு சின்னக் கணக்கு. சமீபத்தில் நண்பர் ஒருவருக்காக ஒரு பழைய காரை இப்படித்தான் பார்த்தோம். முந்தின இரவே நூறு சதவீதம் சார்ஜ் போட்டு வைக்கச் சொல்லியிருந்தோம். காலையில் பயண மீட்டரைப் பூஜ்யமாக்கிவிட்டு, ஏசி போட்டுக்கொண்டு, வழக்கமான வேகத்தில் 80 கிலோமீட்டர் ஓட்டினோம். திரும்பி வந்து நிறுத்தியபோது சார்ஜ் 62 சதவீதம். ஆக, செலவானது 38. திரையில் சராசரிச் செலவு நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் என்று காட்டியது. அப்படியானால் 80 கிலோமீட்டருக்கு 12 யூனிட். 38 சதவீதம் என்பது 12 யூனிட் என்றால், நூறு சதவீதம் ஏறக்குறைய 31.5 யூனிட். புதிதாக இருந்தபோது அந்த பேட்டரியில் பயன்படுத்தக்கூடிய கொள்ளளவு 39 யூனிட். அதாவது மிச்சம் இருப்பது சுமார் 80 சதவீதம்தான். இது துல்லியமான அளவு இல்லை, சில சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் ‘பேட்டரி புதுசு மாதிரி இருக்கு சார்’ என்று விற்பவர் சொன்னது நிற்கவில்லை. அவர் விலையைக் குறைத்தார். நண்பர் வாங்கினார், தெரிந்து வாங்கினார்.

அப்புறம் வாரண்டி. பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் தருகின்றன. அதற்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பழுது பார்ப்பார்கள் அல்லது மாற்றுவார்கள். 71 இருந்தால் ஒன்றும் கேட்க முடியாது. ஐநா வழியாக 2022-ல் ஏற்கப்பட்ட உலக விதிமுறையும் ஏறக்குறைய இதே அளவுதான்: 5 வருடத்தில் குறைந்தது 80 சதவீதம், 8 வருடத்தில் 70 சதவீதம் மிச்சம் இருக்க வேண்டும். ஐந்து வருடம் ஓடிய காருக்கு மூன்று வருட வாரண்டி மிச்சம் இருக்கலாம். ஆனால் இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லுமா என்று எழுத்தில் பாருங்கள். சிலர் முதல் உரிமையாளரோடு நிறுத்திவிடுகிறார்கள், சிலர் வண்டியைக் குறிப்பிட்ட இடங்களில் சர்வீஸ் செய்திருக்க வேண்டும் என்கிறார்கள்.

கடைசியாக, சார்ஜ் போடும் மூடியைத் திறந்து பிளக்கைப் பாருங்கள். ஒரு காலத்தில் பரவலாக இருந்த சாடெமோ என்ற வேக சார்ஜ் பிளக் வகை ஜப்பானுக்கு வெளியே மறைந்து வருகிறது. அந்த பிளக் உள்ள பழைய கார் மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வீட்டில் மட்டும் சார்ஜ் போடுகிறவருக்குப் பரவாயில்லை. நெடுந்தூரம் போகிறவர் வழியில் திண்டாடுவார்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறேன், சொந்தமாக சார்ஜர் வைக்க முடியாது. வெளியே மட்டும் சார்ஜ் போட்டுச் சமாளிக்கலாமா?

பதில்: சமாளிக்கலாம், ஆனால் நான் தயங்குவேன். வேக சார்ஜரில் ஒரு யூனிட்டின் விலை வீட்டு மின்சாரத்தைவிடப் பல இடங்களில் இரண்டு மூன்று மடங்கு. மின்சார காரில் மிச்சம் என்று சொல்வதெல்லாம் அங்கேயே கரைந்துவிடும்.

ஒன்று யோசியுங்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குத் தேவை ஆறேழு யூனிட்தான். வண்டி நிற்கும் இடத்தில் மூன்று கிலோவாட் தாங்கும் ஒரு தனி பிளக் பாயிண்ட் இருந்தாலே இரண்டரை மணி நேரத்தில் ஏறிவிடும். பெரிய சார்ஜர் வேண்டும் என்று சங்கத்தில் கேட்பதைவிட, தனி மீட்டர் போட்ட ஒரு பாயிண்ட் கேளுங்கள், சம்மதம் கிடைப்பது எளிது. வயரிங்கை மட்டும் தகுதியான எலக்ட்ரீஷியனைக் கொண்டு செய்யுங்கள். மணிக்கணக்கில் முழு சுமை இழுக்கும்போது தரமில்லாத பிளக் சூடாகிப் பொசுங்கும்.

கேள்வி: பெட்ரோல் காரையே தடை செய்யப் போகிறார்கள் என்கிறார்களே, அதற்குப் பயந்தாவது மாறிவிட வேண்டுமா?

பதில்: வேண்டாம். இந்தத் தடைகள் புதிதாக விற்கும் கார்களுக்கானவை. நீங்கள் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியை யாரும் பறிப்பதில்லை. தேதிகளும் நிலையாக நிற்பதில்லை: பிரிட்டன் முதலில் 2030 என்றது, 2023-ல் அதை 2035-க்குத் தள்ளியது, ஆட்சி மாறியதும் மறுபடி 2030 என்கிறது, ஹைப்ரிட் கார்களுக்கு மட்டும் 2035 வரை இடம் விட்டு.

பயப்படுவதைவிட, கணக்கில் சேர்க்க வேண்டிய ஒன்று உண்டு. பெட்ரோல் விற்பனை குறையக் குறைய அதிலிருந்து வந்த வரியை அரசுகள் வேறு வழியில் தேடுகின்றன. நியூசிலாந்து 2024 ஏப்ரலில் மின்சார கார்களிடமும் ஓடும் தூரத்துக்கு ஏற்பச் சாலைக் கட்டணம் வாங்க ஆரம்பித்தது. பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் அவற்றுக்கும் சாலை வரி உண்டு. இன்றைக்கு உங்களுக்கு வரி விலக்கு இருந்தால் மகிழ்ச்சி. ஆனால் எட்டு வருடச் செலவைக் கூட்டும்போது அந்த விலக்கு இல்லாமலும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். அப்போதும் தொகை உங்களுக்கு ஒத்துவந்தால் வாங்குங்கள்.