தேவாலயத் திருமணத்துக்குக் கையில்லாத சாறிச் சட்டை தைக்கலாமா? பங்கில் குறை சொல்வார்களா?

குறை சொல்வார்கள், தங்கச்சி. மழுப்பிப் பேச எனக்கு வராது. ஆனால் அதை யார் சொல்கிறார்கள், எந்த நேரத்தில் சொல்கிறார்கள் என்பதில்தான் என் கோபம் இன்னும் ஆறவில்லை.

மட்டக்களப்பு கல்லடியில் முப்பது வருடங்களுக்கு மேலாக மணப்பெண் சட்டை தைக்கிறேன். அளவுக் கொப்பி ஒன்றையும் எறிந்ததில்லை. 1991ஆம் ஆண்டுக் கொப்பியில் முதுகுக் கழுத்து இறக்கம் மூன்று அங்குலம், கை முழங்கை வரை. இப்போது ஒன்பது அங்குலம் இறக்கி, பின்னால் கயிறு மட்டும் வைக்கச் சொல்கிறார்கள். எனக்கும் அது பிடிப்பதில்லை. பீடத்துக்கு முன்னால் மூடி நிற்பதே அழகு என்று நம்புகிறவள் நான். பிள்ளைகளைத் தூண்டிவிடுகிறேன் என்று யாரும் எழுத வரவேண்டாம்.

ஆனால் இந்த அளவு எந்தக் காலத்தில் ஓரிடத்தில் நின்றது? என் அம்மம்மா மார்புக்கு மேல் துணியைச் சுற்றிக் கட்டும் குறுக்குக்கட்டோடு வளர்ந்தவர். பூசைக்குப் போகும்போது சேலைத் தலைப்பால் தோளையும் தலையையும் மூடிக்கொள்வார், அவ்வளவுதான். 1917ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தில் பெண்கள் கோயிலுக்குள் தலையை மூடவேண்டும் என்று இருந்தது. 1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்த விதி இல்லை. அம்மா சாகும்வரை முக்காட்டை விடவில்லை, நான் விட்டேன். பக்கத்து வாங்கில் போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கிப் பெண்கள் முழங்கால் அளவு கவுனோடு முழந்தாளிட்டிருப்பார்கள். அம்மா தையல் பழகியதே அவர்களில் ஒருவரிடம்தான். அதே கவுனை நான் போட்டிருந்தால் வீடு தேடி ஆள் வந்திருக்கும்.

நான்கு வருடங்களுக்கு முன் தகப்பன் இல்லாத ஒரு பிள்ளைக்குத் தைத்தேன். முதுகு இறக்கம் ஏழு அங்குலம், கை ஒரு சாண். கல்யாணக் காலையில் கோயில் வாசலில் பங்குச் சபைக்காரர் ஒருவர் அவளை மறித்து, “முதுகை மூடாமல் உள்ளே போகமுடியாது” என்றார். பூசையில் கல்யாண அறிவித்தல் ஓலை வாசித்த மூன்று ஞாயிறும் முன் வாங்கில் இருந்தவர் அவர். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! அதே வாசலால் சாராய வாடையோடு நான்கு ஆண்கள் உள்ளே போனார்கள். அவர்களை ஒருவரும் மறிக்கவில்லை.

“அன்ரி, என்ன செய்வது?” என்று அவள் என் கையைப் பிடித்தாள். கைப்பையில் ஊசியும் நூலும் இல்லாமல் நான் கல்யாணத்துக்குப் போவதில்லை. மாதா சுரூபம் வைத்த கெபிக்குப் பின்னால் அவளை நிறுத்தி, அவள் தலையில் போட்டிருந்த நெற் (வலைத்துணி) முக்காட்டிலேயே ஒரு முழம் வெட்டி முதுகில் வைத்துத் தைத்தேன். அவள் அழுகையில் முதுகு குலுங்க, ஊசி இரண்டு தரம் அவளுக்கே குத்தியது. அவள் அசையவில்லை. விருந்தாளிகள் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்று அந்தக் கோயிலில் அடக்கம் குறைந்தது அவள் சட்டையாலா?

இதையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்கும் கேக்குக்கும் கேட்ட பணத்தைக் கொடுக்கிறவர்கள் தையல் கூலியில் ஐந்நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் நிற்கிறார்கள். ஒரு சட்டைக்கு லைனிங் வைத்து, மணி கோத்து முடிக்க இரண்டு இரவு போகிறது. வெளிநாட்டிலிருந்து தைத்துக் கொண்டுவந்ததை முதல் நாள் மாலையில் கொடுத்து, “பக்கத்தைக் கொஞ்சம் பிரித்து விடுங்கள்” என்பவர்களும் உண்டு. உள்ளே தையலுக்கு விட்ட துணியே இருக்காது, எதைப் பிரிப்பது?

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். துணி வெட்டுவதற்கு முன்னால் அம்மாவோடு போய்ப் பங்குத்தந்தையிடம் நேரே கேளுங்கள். ஓலை வாசிக்கக் கொடுக்கும் நாளிலேயே கேட்டுவிடலாம். கையில்லாமல்தான் வேண்டுமென்றால், தோளிலிருந்து முழங்கை வரை நெற் துணியில் தனிக் கை தைத்து உள்ளே கொக்கி வைக்கச் சொல்லுங்கள். பூசை முடிந்து மண்டபத்துக்குப் போனதும் கழற்றிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளைக்குப் பிறகு என்னிடம் வரும் ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் நான் அப்படி ஒரு சோடி தைத்து வைக்கிறேன். அதற்குக் கூலி வாங்குவதில்லை.