உண்ணி கடித்த பிள்ளைக்கு லைம் நோய் வருமா?

கேள்வி: வெள்ளவத்தையில் வசிக்கிறோம். தென்னையடியில் விழுந்து கிடந்த அணில் குஞ்சைத் தூக்கி விளையாடிய என் ஆறு வயது மகனின் காதுக்குப் பின்னால் உண்ணியொன்று ஒட்டியிருந்தது. லைம் நோயால் முகம் கோணிவிடும் என்று ரொறன்ரோவிலுள்ள தங்கை எச்சரிக்கிறார். வீட்டில் மீதியிருக்கும் அமொக்ஸிசிலின் பாணியைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம், உங்கள் மகனுக்கு லைம் நோய் வராது. ஒன்ராறியோவில் தங்கையின் அச்சம் நியாயமானதுதான். அங்கே கருங்கால் உண்ணி, குஞ்சுப் பருவத்தில் வெண்பாத எலி போன்ற சிறு விலங்குகளிடமிருந்து கிருமியை உறிஞ்சி, அடுத்த பருவத்தில் மனிதருக்குக் கடத்துகிறது. அந்த இன உண்ணி இலங்கையில் கிடையாது. ஆகவே லைம் பரிசோதனைக்குப் பணத்தை இறைக்காதீர்கள். கடித்த இடத்தில் சிறிது சிவந்து அரிப்பதும் தானாக அடங்கிவிடும்.

எனது கவலை நம் நாட்டு உண்ணிக் காய்ச்சல் பற்றியது. அந்தப் பெயரால் நாம் அழைப்பவற்றுள் ஒன்றை உண்ணியும், மற்றொன்றை எலிகளில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத சிற்றுண்ணிக் குஞ்சும் பரப்புகின்றன. கடித்த நாளிலிருந்து மூன்று வாரங்களுக்குள் கடுமையான காய்ச்சலும் தலையிடியும் வந்தால், பிள்ளையின் உடையைக் களைந்து, அக்குள், தொடையிடுக்கு, முழங்காலின் பின்புறம், இடுப்புப் பட்டி அழுத்துமிடம் ஆகியவற்றை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். சிகரெட்டால் சுட்டதுபோல், நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றிலும் சிவந்த விளிம்புமாக ஒரு புண் இருந்தால், அது வலிக்காவிட்டாலும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். புண் எல்லோருக்கும் வருவதில்லை. அது இல்லையென்று காய்ச்சலை அலட்சியம் செய்யக் கூடாது.

அமொக்ஸிசிலின் இக்கிருமிகளைத் தொடாது. அதைக் கொடுத்துவிட்டு நான்கு நாள் காத்திருந்து, நுரையீரலிலோ மூளையிலோ பாதிப்பு தொடங்கிய பின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. ஏனெனில் டொக்சிசைக்கிளின் போன்ற உரிய மருந்தை நேரத்தோடு தொடங்கினால், பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் காய்ச்சல் இறங்கிவிடும். எந்த மருந்து, எவ்வளவு என்பதை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.

இனி உண்ணியைக் கண்டால் மண்ணெண்ணெய், நெருப்பு, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். கொழும்பில் காய்ச்சலென்றால் எல்லோரும் முதலில் டெங்கையே நினைப்பார்கள். ஆகையால் காய்ச்சலோடு வைத்தியரிடம் போக நேர்ந்தால், அணில் குஞ்சையும் உண்ணியையும் பற்றி அவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லுங்கள்.