வீட்டு இசை சர்வருக்கு எந்த டிரைவ்?

கேள்வி: என்னிடம் ஏறத்தாழ 900 ஆடியோ சிடிக்களும், வானொலியிலிருந்தும் உறவினர் வீட்டுக் கச்சேரிகளிலிருந்தும் பதிவு செய்த 400 கேசட்டுகளும் உள்ளன. இவற்றைக் கணினியில் ஏற்றி, சிறிய சர்வர் ஒன்றின் வழியாக எல்லா அறைகளிலும் கேட்க விரும்புகிறேன். கடைக்காரர் 8 டிபி ஹார்டு டிஸ்க் நான்கை வாங்கி ரெய்டு முறையில் இணைக்கச் சொல்கிறார். நண்பரோ எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிரைவ்) இருந்தால்தான் ஒலி தெளிவாக இருக்கும் என்கிறார். எதை வாங்குவது?
— வாசகர், திருச்சி

பதில்: முதலில் கொள்ளளவைக் கணக்கிட்டுப் பாருங்கள், கடைக்காரர் சொல்லும் அளவு உங்கள் தேவையைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உடனே விளங்கிவிடும். சிடியில் உள்ள ஒலி, சுருக்கப்படாத நிலையில், நிமிடத்துக்குப் பத்து எம்பிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். தரம் சிறிதும் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் வடிவத்தில் சேமித்தால் அது பெரும்பாலும் 50 முதல் 60 விழுக்காடாகக் குறையும் என்பதால், ஒரு மணி நேர சிடிக்கு 350 எம்பி என்று வைத்துக்கொண்டால் 900 சிடிக்கு 315 ஜிபி ஆகிறது. கேசட்டுகளை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் அளவில் பதிவு செய்தால் போதும். அதற்கு மேல் போனால் நாடாவின் இரைச்சல்தான் கூடுதல் நுணுக்கத்தோடு பதிவாகும். இந்த அளவில் ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு ஜிபிக்குச் சற்று மேல் வீதம், சுருக்காமலே வைத்தாலும், 400 கேசட்டுக்கு 415 ஜிபிதான். இரண்டும் சேர்ந்து 730 ஜிபி. 1 டிபி என்று விற்கப்படும் டிரைவை விண்டோஸ் 931 ஜிபி என்றே காட்டும் என்பதையும் இனி வாங்கப்போகும் இசையையும் கருதி, 2 டிபி டிரைவ் ஒன்றை வாங்குங்கள்.

நண்பர் சொல்லும் காரணம் சரியல்ல. சிடி தரத்தில் இசைக்கத் தேவைப்படுவது நொடிக்கு 0.18 எம்பி, நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் சாதாரண ஹார்டு டிஸ்க்கே நொடிக்கு 100 எம்பி அளவில் தரவல்லது. படிக்கப்பட்ட தரவும் நேரே ஸ்பீக்கருக்குப் போவதில்லை. சர்வரின் நினைவகத்தில் தங்கி, நெட்வொர்க்கைக் கடந்து, இசைக்கும் கருவியின் நினைவகத்தில் மறுபடியும் தங்கிய பிறகே ஒலியாகிறது. இசைக்கென்றே தயாரித்ததாகச் சொல்லி அதிக விலைக்கு விற்கப்படும் எஸ்எஸ்டிகளை, அந்த விலைக்காகவே தவிர்த்துவிடலாம்.

இருந்தும் நான் எஸ்எஸ்டியையே பரிந்துரைப்பேன், அது சத்தம் போடாது என்பதற்காக. கூடத்தில் ஆலாபனை மெல்ல இழையும்போது, அருகிலுள்ள 3.5 அங்குல ஹார்டு டிஸ்க்கின் 'கிர் கிர்' என்ற ஓசையும் மர அலமாரிக்குப் பரவும் அதிர்வும் நன்றாகவே காதில் விழும். சர்வரை வேறு அறையில் வைத்து லேன் கேபிள் இழுக்க முடியுமானால் ஹார்டு டிஸ்க்கே போதும்.

ரெய்டு என்பது ஒரு டிஸ்க் பழுதானாலும் சர்வர் நிற்காமல் ஓடுவதற்கான ஏற்பாடேயன்றி, பேக்கப் அல்ல. நீங்கள் கைதவறி ஒரு ஃபோல்டரை அழித்தால் அது எல்லா டிஸ்க்கிலிருந்தும் அந்த நொடியே போய்விடும். மின்னழுத்தம் எகிறினால் பெட்டியோடு எல்லாமே போகலாம். வீட்டில் சர்வர் ஒரு நாள் பாடாவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆகவே அந்தப் பணத்தில் இரண்டு போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்குகளை வாங்கி முழு நகல் எடுத்து, ஒன்றை வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள். சிடி கெட்டால் மறுபடி வாங்கலாம், உறவினர் வீட்டுக் கச்சேரியை எங்கே போய் வாங்குவது? நகல் எடுப்பதைக் கேசட்டுகளிலிருந்தே தொடங்குங்கள். அலமாரியில் கிடக்கப்போகும் இந்த நகல்களுக்கு எஸ்எஸ்டி ஏற்றதல்ல. நீண்ட நாள் மின்சாரம் கிடைக்காவிட்டால் அதிலுள்ள மின்னேற்றம் மெல்லக் கசியும், வெப்பமான அறையில் இன்னும் விரைவாக.

ரெய்டுதான் வேண்டும் என்றால் எஸ்எம்ஆர் வகை டிஸ்க்குகளைத் தவிருங்கள். இவற்றில் தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறியிருப்பதால், பழுதான டிஸ்க்கை மாற்றி மீண்டும் நிரப்பும்போது வேகம் படுத்துவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் தன் ரெட் வரிசையில் சில டிஸ்க்குகள் இந்த வகையைச் சேர்ந்தவை என்று 2020இல்தான் ஒப்புக்கொண்டது. ஒரு முறை எழுதிவிட்டு எடுத்து வைக்கும் பேக்கப்புக்கு எஸ்எம்ஆர் போதுமானதே.

கேள்வி: ராஸ்பெரி பை 4 என்ற சிறிய ஒற்றைப் பலகைக் கணினியில் போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் இரண்டை இணைத்திருக்கிறேன். பாதிப் பாட்டில் டிஸ்க் காணாமல் போகிறது. டிஸ்க் பழுதா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பெரும்பாலும் மின்சாரக் குறைபாடாகவே இருக்கும். அந்தப் பலகையின் நான்கு யுஎஸ்பி வாய்களும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் தரும். சுழலத் தொடங்கும்போது ஒரு டிஸ்க்கே அதில் பெரும்பகுதியை இழுத்துக்கொள்ளக்கூடும். தனி அடாப்டர் உள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றின் வழியாக இணைத்துப் பாருங்கள்.

கேள்வி: விண்டோஸ் கணினியில் தமிழில் பெயரிட்ட இசைக் கோப்புகளை லினக்ஸ் சர்வருக்கு மாற்றும்போது, சில மட்டும் பெயர் நீளம் என்று மறுக்கப்படுகின்றன. டிரைவை மாற்றினால் சரியாகுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: ஆகாது. விண்டோஸ் கோப்புகளைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பு ஒரு பெயரில் 255 குறியீடுகளை ஏற்கிறது. லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஏற்பது 255 பைட்டுகளை. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பிடிக்கும். புள்ளியும் உயிர்மெய்க் குறிகளும் தனித்தனிக் குறியீடுகள். 'பூர்விகல்யாணி' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, விண்டோஸுக்கு 13 குறியீடு, லினக்ஸுக்கு 39 பைட்டு. பாடல், ராகம், தாளம், பாடியவர், பக்கவாத்தியக்காரர் எல்லாவற்றையும் பெயரிலேயே அடுக்கினால் வரம்பு எளிதில் தாண்டிவிடும். பெயரில் வரிசை எண்ணையும் பாடலையும் மட்டும் வைத்து, மற்றவற்றைக் கோப்புக்குள்ளேயே டேக் ஆகப் பதிவு செய்யுங்கள். ஃபிளாக் டேகுகளுக்கு இந்த 255 பைட்டு வரம்பு கிடையாது.