காரன்வாலிஸ் பற்றிக் கேளுங்கள்

கே: அமெரிக்கச் சுதந்திரப் போரில் பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ் யார்க்டவுனில் சரணடைந்தபோது, அமெரிக்கத் தளபதி வாஷிங்டனிடம் தன் வாளைக் கொடுத்தாரா?

ப: இல்லை. 1781 அக்டோபர் 19 அன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி, துணைத் தளபதி ஓஹாராவை அனுப்பிவிட்டார். ஓஹாரா முதலில் பிரெஞ்சுத் தளபதி ரோஷம்போவிடம் போனார். அவர் வாஷிங்டனைக் காட்ட, வாஷிங்டன் தன் துணைத் தளபதி பெஞ்சமின் லிங்கனைக் காட்டினார்.

கே: தோற்றவருக்கு இந்தியாவில் இவ்வளவு பெரிய பதவி எப்படி?

ப: பழியில் பெரும்பங்கு நியூயார்க்கில் இருந்த மேலதிகாரி ஹென்றி கிளிண்டன் தலையில் விழுந்தது. லண்டனில் காரன்வாலிஸுக்கு மதிப்புக் குறையவில்லை. 1786இல் கல்கத்தா வந்தபோது கவர்னர் ஜெனரல், தலைமைத் தளபதி இரண்டும் அவரே. கவுன்சிலை மீறி முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

கே: சரணடையும் ஓவியத்தில் வாளோடு நிற்பது அவர்தானே?

ப: மேலே பதில் இருக்கிறது. அமெரிக்க ஓவியர் டிரம்பல் வரைந்த அந்த ஓவியத்தின் பெயரில்தான் காரன்வாலிஸ் இருக்கிறார், படத்தில் இல்லை. ஓவியத்தைச் சாட்சியாக வைத்து வரலாறு பேசாதீர்கள்.

கே: திப்புவின் மகன்களை அன்பாக நடத்தினாராமே? சென்னைச் சிலையின் பீடத்திலும் அந்தக் காட்சி இருக்கிறது.

ப: கோட்டை அருங்காட்சியகச் சிலைதானே? மறுபடியும் ஓவியம், சிற்பம்! 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு பாதி ராஜ்ஜியத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் தர வேண்டும். பணம் முழுதாக வரும்வரை பிள்ளைகள் இருவரும் பிணை. 1794இல்தான் திரும்பினார்கள். மரியாதையாக நடத்தினார்கள் என்பது உண்மை. அடகு வைத்தார்கள் என்பதும் உண்மை.

கே: அயர்லாந்தில் என்ன செய்தார்?

ப: அங்கே வைஸ்ராயாக இருந்து 1798 கிளர்ச்சியை அடக்கினார். கத்தோலிக்கருக்கு உரிமை தர மன்னர் மறுத்ததும் 1801இல் பதவி விலகினார்.

கே: நிரந்தர நிலவரித் திட்டம் நல்லதா, கெட்டதா?

ப: இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். 1793இல் வங்காளத்தில் ஜமீன்தார் கட்ட வேண்டிய தொகையை என்றென்றைக்குமாக நிர்ணயித்தார். வசூலில் பதினொன்றில் பத்துப் பங்கு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு. பத்து வருடம் பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றார் கம்பெனி அதிகாரி ஜான் ஷோர், காரன்வாலிஸ் கேட்கவில்லை. கெடு நாளில் சூரியன் மறைவதற்குள் பணம் வராவிட்டால் நிலம் ஏலத்துக்குப் போகும். பழைய ஜமீன்கள் பல அப்படித்தான் கைமாறின. உழுதவன் ஜமீன்தாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதற்கு மட்டும் உருப்படியான வரம்பு இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே காரன்வாலிஸ் திப்புவிடமிருந்து பிடுங்கிய சேலம், பாராமகால் சீமையில்தான் அலெக்சாண்டர் ரீடும் அவர் உதவியாளர் தாமஸ் மன்றோவும் ரயத்துவாரியை உருவாக்கினார்கள். இடையில் ஜமீன்தார் இல்லை. விவசாயி நேராகச் சர்க்காருக்குக் கிஸ்தி கட்டினான். தன் திட்டத்துக்கான எதிர்க்கட்சியைத் தன் படையாலேயே வென்று கொடுத்திருக்கிறார் மனிதர்!

கே: ரயத்துவாரியில் மட்டும் விவசாயி சுகப்பட்டானா? ஜமீன்தாராவது குளம் வெட்டினார்.

ப: சில ஜமீன்தார்கள் வெட்டினார்கள், மறுக்கவில்லை. ரயத்துவாரியிலும் ஆரம்பத் தீர்வை கொடுமையானது. கடப்பை, பெல்லாரிப் பக்கம் 25 சதவீதம் குறைக்கச் சொல்லி 1807இல் மன்றோவே எழுதினார். ஆனால் வரியைக் குறைக்கக் கேட்க உழவனுக்கு ஒரு சர்க்கார் கச்சேரி (அலுவலகம்) இருந்தது. ஜமீனில் அந்த வாசலும் ஜமீன்தாருடையது.

கே: யார்க்டவுனில் ஏன் வாளை அவரே கொடுக்கவில்லை?

ப: முதல் பதில்.

கே: ஜமீன்தாரைத் திட்டுகிறீர்களே, ராமநாதபுரம், சிவகங்கையில் ஜமீன் கொண்டுவந்ததும் காரன்வாலிஸா?

ப: திட்டம் அவருடையது, கையெழுத்து அவருடையதல்ல. இங்கே அது 1803இல் வந்தது. அப்போது கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி. பாளையக்காரர் போர் முடிந்த சூட்டில், கோட்டைகளை இடித்து, ஆயுதங்களைப் பறித்து, மிஞ்சியவர்களைப் பேஷ்குஷ் (சர்க்காருக்கு நிலையான கப்பம்) கட்டும் ஜமீன்தார்களாக்கினார்கள். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை நீடித்தது அந்த ஏற்பாடு.