லோடுமேனுக்கு எக்ஸோஸூட் வாங்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் கோழித்தீவனக் கிடங்கு வைத்திருக்கிறேன். எட்டுப் பேர் லோடு ஏற்றுகிறார்கள். மூட்டை 50 கிலோ. இரண்டு பேருக்கு இடுப்பு வலி. அதில் ஒருவர் வலது கால் மரத்துப்போகிறது என்கிறார். ஜப்பானில் தொழிலாளர்கள் முதுகில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு பெட்டி தூக்கும் வீடியோ பார்த்தேன். ஆளுக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தால் முதுகு தப்புமா?

பதில்: எட்டு வாங்க வேண்டாம். வாங்குவதானால் ஒன்று வாங்குங்கள், அதுவும் மூட்டை சுமப்பவருக்கு இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

பழைய வெள்ளிக்கோல் தராசு பார்த்திருப்பீர்கள். தூக்கிப் பிடிக்கும் கயிற்றுக்கு ஒரு பக்கம் கோல் நீளமாக இருக்கும், மறுபக்கம் குட்டை. குனிந்து தூக்கும்போது அடிமுதுகு அந்தக் கயிறு கட்டிய இடம். சுமை அரை மீட்டர் முன்னால் இருக்கிறது. அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும் தசையோ எலும்பிலிருந்து ஐந்தாறு சென்டிமீட்டர் தூரத்தில்தான். ஆகவே 25 கிலோவை அந்த நிலையில் பிடிக்கத் தசை இருநூறு கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். அந்த இழுப்பு முழுவதும் முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள டிஸ்க்குகளை நசுக்குகிறது. வெறுங்கையோடு குனிந்தால்கூட மேலுடம்பின் எடை ஒரு சுமைதான்.

நீங்கள் சொல்லும் மாட்டிக்கொள்ளும் கருவிதான் எக்ஸோஸ்கெலிட்டன் அல்லது எக்ஸோஸூட், சுருக்கமாக எக்ஸோ. அது அந்தத் தசைக்குத் துணையாகப் பின்னால் இன்னொரு இழுப்பைக் கொடுக்கிறது. நெதர்லாந்தின் லேவோ என்ற கருவியில் மார்பிலும் தொடையிலும் பட்டைகள் இருக்கும்; குனிந்தால் ஸ்பிரிங் இறுகும், நிமிரும்போது உந்தும். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து பிறந்த ஹீரோவேர் கிட்டத்தட்ட ஒரு சட்டை மாதிரி. முதுகு நெடுக எலாஸ்டிக் பட்டைகள் ஓடும். நீங்கள் பார்த்தது டோக்கியோ அறிவியல் பல்கலைக்கழகத்தில் உருவான மசில் சூட்டாக இருக்கலாம். அதில் கைப்பம்பால் காற்றடித்தால் செயற்கைத் தசை சுருங்கி இழுக்கும். பேட்டரி, மோட்டாரோடு வருவது ஜெர்மன் பயோனிக் போன்றவை; எடையும் விலையும் கூடுதல்.

இவை ஏமாற்று வேலை இல்லை. ஸ்பிரிங் வகைகளைப் பற்றி 2016இல் வந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, முதுகுத் தசையின் உழைப்பு 10 முதல் 40 சதவீதம் வரை குறைந்ததாகச் சொல்கிறது. ஆனால் தசையின் உழைப்பு குறைவது வேறு, ஆளுக்கு முதுகு வலி வராமல் இருப்பது வேறு. சுமை தூக்குபவர்கள் கட்டிக்கொள்ளும் இடுப்பு பெல்ட்டின் கதை நினைவிருக்கட்டும். அமெரிக்காவில் 160 கடைகளில், ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தொடர்ந்து பார்த்து 2000இல் முடிவு வெளியிட்டார்கள். பெல்ட் கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் முதுகு வலியில் வித்தியாசமே இல்லை. நம் ஊர்க் கடைகளில் இன்னும் அதைத்தான் விற்கிறார்கள், அது வேறு விஷயம்.

இப்போது உங்கள் கிடங்குக்கு வருவோம். ஜப்பான்காரர் பெட்டியை முன்னால் பிடித்துத் தூக்கி மேசையில் வைக்கிறார். நம் ஆட்கள் அப்படியா செய்கிறார்கள்? இரண்டு பேர் தூக்கிவிட, மூன்றாமவர் முதுகிலோ தலையிலோ வாங்கிக்கொண்டு லாரிப் பலகையில் ஏறுகிறார். நிமிர்ந்து நடப்பவருக்கு எக்ஸோவால் பலன் மிகக் குறைவு. மூட்டை உட்கார வேண்டிய இடத்தில் ஸ்பிரிங் சட்டம் இருந்தால் அது உறுத்தும், கருவியும் நாசம். லுங்கியை மடித்துக் கட்டியவருக்குத் தொடைப்பட்டை எங்கே நிற்கும்? சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் மார்பில் ஒரு பட்டையை யார் வைத்துக்கொள்வார்கள்? மூட்டைக்கு இவ்வளவு கூலி என்று பேசியிருந்தால், வேகத்தைக் குறைக்கும் எதுவும் இரண்டாம் நாள் சுவர் ஆணியில் தொங்கும்.

பொருந்துகிற இடம் ஒன்று இருக்கிறது. தீவனம் கொட்டி, மூட்டை வாயைத் தைப்பவரைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறார். அவருக்கு எடை குறைந்த எலாஸ்டிக் வகையில் ஒன்று வாங்கி இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அவர் அளவுக்குச் சரியாக இருக்கிறதா, துவைக்க முடியுமா, தேய்ந்த பட்டை தனியாகக் கிடைக்குமா, எங்காவது சிக்கினால் ஒரே இழுப்பில் கழற்ற வருமா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் கழற்றினால் வற்புறுத்தாதீர்கள். சூட் இருக்கிறதே என்று கூடுதல் மூட்டையும் ஏற்றாதீர்கள்.

மூட்டை தூக்கும் எட்டுப் பேருக்கு? 50 கிலோதான் சிக்கல். தொழில் பாதுகாப்புக்கான அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் வகுத்த சூத்திரத்தில், எல்லாம் சாதகமாக இருந்தாலே ஒருவர் தூக்க 23 கிலோதான். சுமை உடம்பை ஒட்டி, தொங்கவிட்ட கை முஷ்டியின் உயரத்தில் இருக்க வேண்டும். அரை மீட்டர் தள்ளிப் போனால் அதில் பாதி. 50 கிலோவுக்கும் இதற்கும் உள்ள இடைவெளியை எந்த ஸ்பிரிங்கும் நிரப்பாது. நீங்களே மூட்டை கட்டுகிறீர்கள் என்றால் 25 கிலோ பைக்கு மாறுங்கள். அடுக்கைத் தரையிலிருந்து தொடங்காமல், பேலட் (மூட்டை அடுக்கும் தட்டு) மேல் பேலட் போட்டு முட்டிக்கு மேல் தொடங்குங்கள். அடி வரிசைக்காகக் குனிவதுதான் முதுகை அதிகம் தின்கிறது. லாரிக்கு இடம் மாற்றக்கூடிய ஒரு பெல்ட் கன்வேயர், அதாவது மூட்டையைச் சுமந்து ஓடும் பட்டை, போடுங்கள். எட்டு எக்ஸோவுக்கு ஒதுக்கிய பணத்தை அதில் போடுவது மேல்.

அப்புறம், கால் மரத்துப்போகிறது என்றீர்களே, அவரை நாளையிலிருந்து மூட்டைப் பக்கம் விடாதீர்கள். நரம்பு அழுத்தமாக இருக்கலாம். இந்த வாரமே எலும்பு மருத்துவரிடம் அனுப்புங்கள், கூலியைப் பிடிக்காமல். கால் பலமிழந்தாலோ, சிறுநீர் போவதில் தடுமாற்றம் வந்தாலோ வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனை.