ஒருமுறை உறவுக்குப் பின் ஹெர்பிஸ் தொற்றும் வாய்ப்பு எவ்வளவு?

ஆணுறை அணிந்து ஒருமுறை உறவு கொண்டதாகவும், துணைவரிடம் புண் எதுவும் தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். கொப்புளமும் புண்ணும் உண்டாக்கும் ஹெர்பிஸ் வைரஸ் ஒரே உறவில் தொற்றும் வாய்ப்பு குறைவுதான். ஆனால் இந்த வைரஸ் தோலோடு தோல் உரசுவதால் பரவுகிறது என்பதாலும், புண் இல்லாத நாட்களிலும் தோலின் மேற்பரப்பில் வெளிப்படக்கூடும் என்பதாலும், ஆணுறை மூடாத பகுதிகள் வழியாகச் சிறிதளவு அபாயம் எஞ்சுகிறது. உதட்டுக் கொப்புளத்தை உண்டாக்கும் முதல் வகை ஹெர்பிஸ் வைரஸும் வாய்வழி உறவில் பிறப்புறுப்புக்குத் தொற்றும். பலர் இதை அறியாதிருப்பது வருத்தத்துக்குரியது.

அறிகுறிகள் பொதுவாக 2 முதல் 12 நாட்களுக்குள் தோன்றும். பலருக்குத் தோன்றாமலும் போகும். கொப்புளம் கண்டால், அது ஆறுவதற்குள் மருத்துவரிடம் காட்டி, அதிலிருந்து மாதிரி எடுத்து, வைரஸின் மரபுப்பொருளைக் கண்டறியும் பி.சி.ஆர். பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரத்தத்தில் தேடப்படும் எதிர்ப்பொருள் (வைரஸை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) உருவாகச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், இப்போதே செய்யும் இரத்தப் பரிசோதனை பொய்யான நிம்மதியையே தரும். தேவைப்பட்டால் 12 வாரங்கள் கழித்துச் செய்யலாம்.