வாசனை தெரியாத மாமியாரும் கேஸ் அடுப்பும்

கேள்வி: என் மாமியாருக்கு 68 வயது. கொரோனா வந்துபோன பிறகு வாசனையே தெரியவில்லை. போன வாரம் கேஸ் கசிந்ததைக்கூட அவர் உணரவில்லை. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: தயவுசெய்து விடாதீர்கள். கண் மங்கினால் உடனே கண்ணாடி வாங்கித் தருகிறோம், மூக்கை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். சமையல் கேஸுக்கு இயல்பாக வாசனை கிடையாது. நம் மூக்கை நம்பித்தான் எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளை அதில் கலக்கிறார்கள். 1937-ல் டெக்சாஸின் நியூ லண்டன் என்ற ஊரில், பள்ளிக்கூடத்துக்கு அடியில் வாசனையற்ற எரிவாயு கசிந்து தேங்கி வெடித்ததில் 300 பேர் வரை, பெரும்பாலும் பிள்ளைகள், இறந்துபோனார்கள். அதற்கப்புறம்தான் அங்கே எரிவாயுவில் நாற்றம் சேர்ப்பது சட்டமானது. அந்த எச்சரிக்கை உங்கள் மாமியாருக்கு எட்டவே எட்டாது.

அதனால் முதல் வேலையாக, கேஸ் கசிந்தால் ஒலி எழுப்பி எச்சரிக்கும் கேஸ் டிடெக்டர் வாங்குங்கள். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும், எனவே கருவியைத் தாழ்வாக மாட்டுங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள், ஏனென்றால் பார்க்கின்சன் நோய்கூடச் சிலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடங்கள் முன்பே வாசனை தெரியாமல் போவதில்தான் தொடங்குகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் வாசனைகளைக் காலையும் மாலையும் கவனமாக முகரும் பயிற்சி பலருக்குப் பலன் தந்திருக்கிறது, சில மாதங்களாவது விடாமல் செய்யவேண்டும். சரி, மறுபடி கசிந்தால் ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்து, கேஸ் கசிவுக்கான அவசர உதவி எண் 1906-க்கு அழையுங்கள்.